டேர்டெவில் காரிடார் சண்டை: "ஒரே ஷாட்" என்று மட்டும் பாராட்டுவது அந்த எபிசோடுக்குச் செய்யும் அநியாயம்

(ஸ்பாய்லர் நிறைய இருக்கிறது. முதல் சீசன் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

டேர்டெவில், ராத்திரியில் முகமூடி போட்டுச் சண்டை போடும் கண் தெரியாத வக்கீல் மேட் மர்டாக்கின் (சார்லி காக்ஸ்) கதையைச் சொல்லும் மார்வெல் சீரியல். 2025 மார்ச்சில் அதன் தொடர்ச்சியான 'பார்ன் அகெய்ன்' வந்ததிலிருந்து டேர்டெவில் முதல் சீசன் இரண்டாம் எபிசோடின் காரிடார் சண்டை கிளிப் மறுபடியும் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. பாராட்டும் பத்து வருஷமாக மாறவில்லை: "மூணு நிமிஷம், ஒரு கட் கூட இல்ல, தெறி". கட் இல்லை என்பது அந்தக் காட்சியின் பத்தாவது சிறப்பு. முதல் ஒன்பதையும் விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியதால்தான், அதற்குப் பிறகு வந்த சீரியல்கள் பாதியும் கேமராவை நிறுத்தாமல் ஓட்டினால் நல்ல சண்டை வந்துவிடும் என்று நம்பிக் கெட்டன.

காட்சியின் பலம் காரிடாரில் இல்லை, அதற்கு முந்தைய நாற்பது சொச்சம் நிமிஷத்தில் இருக்கிறது. எபிசோட் தொடங்கும்போதே மேட் மர்டாக் குப்பைத் தொட்டிக்குள் குற்றுயிராகக் கிடக்கிறான். கடத்தப்பட்ட ஒரு சிறுவனைத் தேடிப் போனவன் ரஷ்ய கும்பல் விரித்த வலையில் விழுந்து நொறுக்கப்பட்டிருக்கிறான். இந்த முதல் சண்டையை நமக்குக் காட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சேதத்தை மட்டும் காட்டுகிறார்கள். நர்ஸ் க்ளேர் டெம்பிள் (ரோசாரியோ டாசன்) அவனைத் தன் வீட்டு சோபாவில் போட்டு ஒவ்வொரு காயமாகப் பார்க்கிறாள். நுரையீரல் சுருங்கி மூச்சு அடைக்கும்போது நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுகிறாள். ஆக, கடைசிக் காட்சிக்குள் அவன் நுழையும்போது அந்த உடம்பில் என்னென்ன உடைந்திருக்கிறது என்ற பட்டியல் நம் கையில் இருக்கிறது. அவன் சுவரில் சாயும் ஒவ்வொரு முறையும் நாமும் மூச்சு வாங்குவது அதனால்தான்.

இன்னொரு பக்கம் ஃப்ளாஷ்பேக். அப்பா ஜாக் மர்டாக், குத்துச்சண்டைக்காரர். பெரிய திறமைசாலி இல்லை, அடி வாங்கி விழுந்தாலும் எழுந்துவிடுவார், அவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு க்ரீல் என்பவனிடம் தோற்கச் சொல்கிறார்கள். மகனுக்காக ஜெயிக்கிறார், உயிரை விடுகிறார். ட்ரூ காடர்டின் திரைக்கதை இதைப் பற்றி வசனத்தில் பேருரை ஆற்றவில்லை. காரிடாரில் மகன் எப்படிச் சண்டை போடுகிறான் என்பதுதான் அப்பாவுக்கான பதில். நம்ம ஊர் படமாக இருந்தால் நடுவில் அப்பா முகம் சூப்பர் இம்போஸில் வந்து போயிருக்கும். இயக்குநர் ஃபில் ஆப்ரஹாமுக்கு அந்த ஆசை வரவில்லை, பிழைத்தோம்.

இப்போது ஷாட்டுக்கு வருவோம். ஆரம்பத்தில் சண்டையே கிடையாது. கும்பலில் ஒருவன் தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு காரிடாரில் நடக்கிறான், கேமரா அவன் கூடவே போகிறது. வழியில் ஆட்கள் இருக்கும் அறை தெரிகிறது, கோடியில் சிறுவனின் அறைக்கதவு திறந்து மூடுகிறது. இந்த நடையிலேயே எந்தக் கதவு எங்கே, ஆட்கள் எங்கே, பையன் எங்கே என்று முழு வரைபடமும் நமக்குப் பழகிவிடுகிறது. பிறகு கேமரா திரும்பினால் எதிர்க்கோடியில் முகத்தில் கறுப்புத் துணி கட்டிய மேட் நிற்கிறான். பில்டப் மியூசிக் இல்லை, ஸ்லோ மோஷன் இல்லை.

அடுத்து நடப்பதுதான் எனக்குப் பெரிய பாடம். அவன் அறைக்குள் பாய்கிறான், கேமரா பாயவில்லை. வெளியிலேயே நிற்கிறது. உள்ளே உடைகிற சத்தம், அலறல். திடீரென்று ஒரு மைக்ரோவேவ் அவன் கைவரிசையில் பறந்து வந்து வெளியில் நிற்பவன்மேல் மோதுகிறது. சண்டையில் கணிசமான பகுதியை நாம் காதால்தான் பார்க்கிறோம். கண் தெரியாத ஹீரோவின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கேமரா உண்டா? அவன் கேட்டுக் கேட்டு உலகத்தைப் புரிந்துகொள்வது போல நம்மையும் கொஞ்ச நேரம் கேட்க வைக்கிறார்கள். சந்தேகமிருந்தால் ஒருமுறை ம்யூட் செய்து பாருங்கள், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ம்யூட் செய்தால் அரைக் காட்சி காணாமல் போகும்.

கொஞ்சம் தொழில் விஷயம். திரையில் விழும் குத்து பெரும்பாலும் முகத்தில் படுவதில்லை. கைக்கும் தாடைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். அடிப்பவனும் வாங்குபவனும் நிற்கும் கோட்டின் நேரே கேமரா இருந்தால் அந்த இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் இருந்தால் அப்பட்டமாகத் தெரியும். வழக்கமான சண்டையில் ஒவ்வொரு குத்துக்கும் கேமராவை இடம் மாற்றி வைத்து எடிட்டில் ஒட்டிவிடலாம். ஒரே ஷாட்டில் அந்த வசதி கிடையாது. காரிடார் இங்கேதான் கைகொடுக்கிறது. குறுகலான நீளமான இடம், கேமரா நீளவாக்கில் பார்க்கிறது, சண்டையும் நீளவாக்கில்தான் நடந்தாக வேண்டும். இடைவெளி தானாக மறைந்துவிடும். எல்லோரும் ஒப்பிடும் கொரியப் படமான 'ஓல்ட்பாய்' (2003) காரிடாரில் கேமரா நேர் எதிர், சுவரை எடுத்துவிட்டது போல பக்கவாட்டில் நகரும். அங்கே கூட்டத்தின் நெருக்கடியும் தள்ளுமுள்ளும்தான் காட்சியைத் தாங்குகின்றன. அதைப் பார்த்து இதைச் சுட்டார்கள் என்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும். தூண்டுதல் இருக்கலாம், வேலை செய்யும் விதம் வேறு.

காரிடார் தீர்த்துவைக்கும் இன்னொரு தலைவலி, க்யூ. பத்துப் பேர் சூழ்ந்திருப்பார்கள், ஒவ்வொருவனாக வந்து அடி வாங்குவான், மற்றவர்கள் கையைக் காலை ஆட்டிக்கொண்டு முறை வரும்வரை காத்திருப்பார்கள். நூறு படத்தில் பார்த்து அலுத்த கொடுமை இது. இங்கே இரண்டு பேருக்கு மேல் தோளோடு தோள் நிற்கவே இடமில்லை. மற்றவர்கள் அறைக்குள் இருக்கிறார்கள், அல்லது ஏற்கெனவே அடி வாங்கித் தரையில் கிடக்கிறார்கள். கிடப்பவர்கள் எழுந்து வருகிறார்கள்! ஒரு குத்தில் மயங்குகிற வில்லன் இல்லை. அவர்களும் தள்ளாடுகிறார்கள், இவனும் தள்ளாடுகிறான், கடைசி நிமிஷத்தில் குத்துகள் பாதி தூரம் போகும்போதே சோர்ந்து விழுகின்றன. ஸ்டண்ட் மாஸ்டர் ஃபிலிப் சில்வெராவின் உண்மையான சாமர்த்தியம் இந்தக் களைப்பைக் கட்டியதில்தான். வேகமாக அடிக்க ஃபைட்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தளர்ந்து அடிப்பதை டைமிங் தவறாமல் செய்ய வைப்பது கஷ்டம், கொஞ்சம் அதிகமானாலும் குடிகாரன் சண்டை ஆகிவிடும்.

டூப் விஷயம். "சார்லி காக்ஸே மொத்தமும் போட்டாரா?" என்பது நிரந்தரக் கேள்வி. இல்லை, அவருடைய டூப் க்றிஸ் ப்ரூஸ்டரும் அதே ஷாட்டில் இருக்கிறார். எங்கே மாறுகிறார்கள் என்று பிடிக்க ஒரு வழி உண்டு. ஹீரோ எப்போது ஃப்ரேமை விட்டு வெளியே போகிறார் என்று பாருங்கள், இங்கே அறைக்கதவுதான் அந்த இடம். திரும்பி வரும்போது முகம் தெரிகிறதா, முதுகா? அடுத்த சில நொடிகளில் உடம்பைச் சுழற்றி உதைக்கும் வித்தை வருகிறதா? வந்தால் அவர் டூப். அது முடிந்ததும் மறுபடி ஒரு மறைவு, பிறகு முகம். இந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது அந்தக் கறுப்புத் துணி. கண்ணோடு சேர்த்து மூக்குவரை மூடுகிறது. டேர்டெவிலின் அடையாளமான சிவப்பு சூட் பதின்மூன்றாம் எபிசோடில்தான் வருகிறது என்று அப்போது குறைபட்டவர்கள், அந்தத் தாமதத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரே ஷாட்டில் இழப்பும் இருக்கிறது. சாதாரணமாக ஒரு குத்து மந்தமாக விழுந்தால் எடிட்டர் அடி படும் இடத்துக்கு முன்னால் இரண்டு மூன்று ஃப்ரேம் உருவிவிடுவார். நொடிக்கு 24 ஃப்ரேமில் மூன்று போனால் எட்டில் ஒரு பங்கு நொடி, கண்ணுக்குத் தெரியாது, அடி பளீரென்று விழும். கட் இல்லாத ஷாட்டில் மந்தம் மந்தமாகவே இருக்கும். களைப்பைக் கதையாக்கியதால் இந்த எபிசோடில் மந்தமே பலமாகிவிட்டது. களைப்பு இல்லாத ஹீரோவை வைத்து இதையே எடுத்தால் ஒத்திகை பார்ப்பது போலத்தான் இருக்கும்.

இதே சீரியல் அடுத்தடுத்துச் செய்ததை வைத்தே சொல்லலாம். இரண்டாம் சீசன் மூன்றாம் எபிசோடில் மாடிப்படிச் சண்டை: ஒரு கையில் சங்கிலி, மறுகையில் டேப் சுற்றிய காலித் துப்பாக்கி. ஒட்டுப்போட்ட ஷாட்டுகள், பார்க்க அமர்க்களம், ஆனால் எண்ணிக்கையும் ஆர்ப்பாட்டமும் கூடிய அளவுக்கு வலி கூடவில்லை. மூன்றாம் சீசன் நாலாம் எபிசோடின் சிறைக் காட்சி ஏறக்குறைய 11 நிமிஷம். முகமூடி இல்லை, கோட்டு சூட்டில் வக்கீலாகவே போகிறான், ஊசி போட்டு மயக்கப் பார்க்கிறார்கள். சண்டைக்கு நடுவே உட்கார்ந்து அல்பேனியக் கும்பல் தலைவனிடம் பேரம் பேசும் நீண்ட உரையாடலும் அதே ஷாட்டில். முகம் திறந்திருப்பதால் டூப் மாற்றுவது பல மடங்கு சிரமம். கைத்திறனில் அதுதான் உச்சம், சந்தேகமே இல்லை. ஆனாலும் எனக்கு முதல் காரிடார்தான் ஒரு படி மேல்.

'பார்ன் அகெய்ன்' முதல் எபிசோடில் ஜோசிஸ் பாரில் தொடங்கி மொட்டைமாடிவரை போகும் சண்டையில் கேமரா கம்ப்யூட்டர் உதவியோடு சுவரையும் மாடியையும் தாண்டிப் பறக்கிறது. நண்பனும் வக்கீல் கூட்டாளியுமான ஃபாகியின் இதயத்துடிப்பு அடங்குவதை மேட் கேட்டுக்கொண்டே சண்டை போடும் யோசனை அபாரம். ஆனால் உடம்பு ரப்பர் போல வளையும் அந்தச் சில நொடிகளில் வலி போய்விடுகிறது. போனதும் நான் வெளியே வந்துவிட்டேன்.

குறை சொல்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "நுரையீரல் சுருங்கியவன் சில மணி நேரத்தில் எப்படிச் சண்டை போடுவான்?" நியாயமான கேள்வி. அழுத்தம் ஏறிய காற்றை ஊசியால் எடுப்பது உயிரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் அவசர வேலைதான். அதன் பிறகு நெஞ்சில் டியூப் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும். இப்படி ஓடி உதைத்தால் மறுபடி சுருங்கும். இதைக் கதைச்சலுகை என்று விட்டுவிடலாம். "சூப்பர் ஹீரோ மாதிரியே இல்லையே" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த எபிசோட் எடுக்கப்பட்டதே அதற்காகத்தான்.

ஆனால் இரண்டாம் எபிசோடில் ஃபாகியும் அவர்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் கேரனும் ராத்திரி முழுக்கக் குடித்துக்கொண்டு ஊர் சுற்றும் பகுதி இழுவை என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். கேரனின் பயத்தைச் சொல்ல இரண்டு காட்சி போதும், இவர்கள் எடுத்துக்கொண்டது அதற்கு மேல். மறுமுறை பார்க்கும்போது அங்கே நானும் பத்து நொடி பத்து நொடியாகத் தள்ளிவிட்டு க்ளேர் வீட்டு சோபாவுக்குத்தான் போகிறேன்.