ப்ரோ வரட்டும், ஆனால் பழைய மெஷினின் விலை இறங்க வேண்டும்

ரீவியில் மாட்டி விளையாடுகிற கேம் மெஷின், அதாவது ஒரு கொன்சோல், வந்து நாலு வருடத்தில் அதற்கு ‘ப்ரோ’ என்று பலம் கூடின, விலை கூடின ஒரு வடிவம் வந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, காசு உள்ளவர்கள் வாங்கட்டும். என் கோபமெல்லாம் அடிப்படை மெஷினின் விலை இறங்காமல் நிற்பதில்தான். இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கிறவனுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் எந்தக் கொன்சோலும் வந்த வருடத்தில் வந்து சேர்வதில்லை.

சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2 ஐ எடுங்கள். ஜப்பானில் அது வெளியானது 2000 மார்ச்சில், அப்போது வன்னிக்கூடாகப் போகிற ஏ9 பாதை சண்டையால் பூட்டிக் கிடந்தது, கரண்டும் இல்லை. அமெரிக்காவில் 299 டொலரில் தொடங்கிய அந்த மெஷின் 2009 இல் 99 டொலருக்கு இறங்கியது. சண்டை முடிந்து, சனம் முகாமிலிருந்து திரும்பி வந்து, வீடுகளுக்குக் கரண்ட் இழுத்து, கிளிநொச்சிப் பக்கம் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி விளையாட விடுகிற கடைகள் வந்த நேரத்தில் பெடியளின் கையில் கிடைத்தது அந்தப் பிஎஸ்2 தான். உற்பத்தியை நிறுத்திவிட்டோம் என்று சோனி சொன்னதே 2013 தொடக்கத்தில். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள், அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு தலைமுறை கொன்ட்ரோலரைத் தொட்டது.

இப்போது கதை வேறு. பிஎஸ்5 2020 நவம்பரில் 499 டொலருக்கு வந்தது. 2025 ஓகஸ்டில், ஐந்து வருடத்தை நெருங்கும்போது, அமெரிக்காவிலேயே அதற்கு 50 டொலர் கூட்டினார்கள்! முந்திக் காலத்தில் சில வருடங்களுக்கு ஒருமுறை சிப்பைச் சின்னதாக்கி மலிவாகச் செய்ய முடிந்தது, இப்போது புதிய தொழில்நுட்பத்தில் செய்கிற சிப்புக்குச் செலவு கூடத்தான் செய்கிறது என்பது எனக்கும் தெரியும். சரி, அது அவர்களுடைய சிக்கல். ஆனால் வாழ்நாளின் பின்பாதியில் மலிவாகிற ஒரு பொருளை நம்பித்தான் எங்களைப் போன்ற இடங்கள் இருந்தன, அந்தப் பின்பாதியே இப்போது இல்லாமல் போகிறது.

2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 699.99 டொலர். டொலரை 300 ரூபாய் என்று போட்டாலே வரிக்கு முன்னம் 2 இலட்சம் தாண்டும். அதில் என்ன கிடைக்கிறது? கிராஃபிக்ஸ் பகுதி நல்லாப் பெரிசு, கேம்களைச் சேமிக்க 2 டிபி எஸ்எஸ்டி, படத்தைக் கூர்மையாக்கி 4கே என்கிற மிக நுணுக்கமான படம் வரை கொண்டுபோகிற பிஎஸ்எஸ்ஆர் என்ற மென்பொருள் நுட்பம். ஆனால் கணக்குப் போடுகிற மூளையான சிபியு கிட்டத்தட்ட சாதாரண பிஎஸ்5 இல் இருக்கிற அதே பழைய ஸென் 2 வகைதான், ஆகவே சிபியு திணறுவதால் செக்கனுக்கு 30 ஃபிரேமில் (படத்தில்) ஓடுகிற கேம் ப்ரோவில் போட்டவுடன் 60 ஆகிவிடாது. எங்கள் வீடுகளில் இருக்கிற 32 அங்குல ரீவியில் அந்த 4கே தெரியப் போவதும் இல்லை. எல்லாவற்றையும் விட எனக்குப் பொறுக்காதது, அந்த விலைக்கும் டிஸ்க் ட்ரைவ் தனியாக வாங்க வேண்டும். ரவுட்டருக்குள் சிம் போட்டு டேட்டா பார்த்துப் பார்த்துப் பாவிக்கிற ஊரில் டிஸ்க் இல்லாமல் 100 ஜிபி கேமை எத்தனை நாள் இறக்குவது? இங்கே ஒரு டிஸ்க் மல்லாவியில் ஒருவன் விளையாடி, மாங்குளத்தில் ஒருவனுக்குப் பாதி விலைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவனிடம் போகும்.

திருத்துகிற வேலையையும் யோசியுங்கள். கிரவல் ரோட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓடின ஒரு பிஎஸ்4 இன் கீழ் மூடியைக் கழற்றிப் பவர் சப்ளையைத் தூக்கிப் பாருங்கள், சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் சிவப்புப் புழுதி தட்டையாக அடைத்திருக்கும். பிரஷ்ஷால் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட்டை மாற்றினால் திரும்ப அமைதியாக ஓடும். ஹார்ட் டிஸ்க் போனால் லாப்டொப்பில் போடுகிற சாதாரண 2.5 அங்குல டிஸ்க்கையே மாட்டலாம். உலகம் முழுக்க 11 கோடிக்கு மேல் விற்ற மெஷின் என்பதால் செத்த ஒன்றின் சாமானை இன்னொன்றுக்குப் போட்டுச் சமாளிக்க முடிகிறது. 2013 இல் வந்த அந்தப் பிஎஸ்4 இல் 2025 இல் வந்த உதைபந்தாட்ட கேம் எஃப்சி 26 கூட ஓடுகிறது, பின்னேரம் கூடுகிற பெடியளுக்கு அதுதான் வேண்டியது.

பிஎஸ்4 ப்ரோ 2016 இல் வந்தபோது சோனி ஒரு நல்ல விதி வைத்தது: ப்ரோவுக்கு மட்டும் என்று கேம் வராது, எல்லாம் சாதாரண பிஎஸ்4 இலும் ஓட வேண்டும். அந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் விதி எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் சாதாரண பிஎஸ்4 இல் எந்த நிலையில் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சோனியே அதைத் தன் ஸ்டோரிலிருந்து தூக்கி, காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அடிப்படை மெஷினில் ஒழுங்காக ஓடாத கேமை அந்த மெஷினுக்கு விற்கவே விடக்கூடாது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற அண்ணாமார், மாமாமாரிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் இருக்கிற தம்பிமாருக்குக் கொன்சோல் அனுப்புவதென்றால் ப்ரோ வேண்டாம். டிஸ்க் ட்ரைவ் உள்ள சாதாரண பிஎஸ்5 போதும், பாவித்ததென்றாலும் பரவாயில்லை, ட்ரைவ் டிஸ்க்கை ஒழுங்காக வாசிக்கிறதா என்று மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மிஞ்சுகிற காசில் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற ஒரு யூபிஎஸ் இங்கே வாங்கலாம், மழை இடி தொடங்கினால் கரண்ட் எப்படி வந்து வந்து போகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.