மிதிவண்டி ஓட்டுபவரின் மூச்சும் காரின் புகையும்

மிதிவண்டி ஓட்டுபவர் மூச்சு வாங்கும்போது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும், காரின் புகையைப் போலவே புவியைச் சூடாக்குகிறது என்று சிலர் பகிர்ந்துள்ளனர். பணிவுடன் சொல்கிறேன், அது சரியல்ல.

நம் மூச்சில் வெளியேறும் கார்பன் நாம் உண்ட உணவிலிருந்து வருகிறது. அந்த உணவைத் தந்த நெல்லும் கோதுமையும் அண்மையில்தான் அதே கார்பனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டன என்பதால், மூச்சினால் வளிமண்டலத்தில் புதிதாக எதுவும் கூடுவதில்லை. பெட்ரோலில் இருப்பதோ பல கோடி ஆண்டுகளாக நிலத்தடியில் அடைபட்டிருந்த கார்பன். அதை எரிக்கும்போது கூடுதல் சுமை உண்மையாகவே சேர்கிறது. (உணவை விளைவிக்கச் செலவாகும் உரத்துக்கும் டீசலுக்கும் உமிழ்வு உண்டு, ஆனால் அது மூச்சைப் பற்றிய கேள்வி அல்ல.)

2013-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மிதிவண்டி ஓட்டுபவரின் மூச்சைப் பற்றிய அந்தத் தவறான கருத்தைக் கூறி, பின்னர் வருத்தம் தெரிவித்தார். அக்காலச் செய்திகளில் அதைத் தேடிப் பார்க்கலாம். அறிவியல் விளக்கத்துக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள கார்பன் சுழற்சிப் பாடமே போதும். காரின் பங்கை அறிய, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியாகும் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடை உங்கள் வண்டியின் மைலேஜால் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம் வரும்.