குரலும் கிளிப்பிங்கும்

அமெரிக்க ஹைப்பர்பாப் இரட்டையர் 100 கெக்ஸின் இரண்டாவது ஆல்பமான ‘10,000 கெக்ஸ்’ முதல் ஆல்பத்தின் நீட்சி என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2019-இல் வந்த ‘1000 கெக்ஸ்’ஸில் பாடகி லாரா லெஸ்ஸின் குரல் பெரும்பாலும் சுருதி உயர்த்தப்பட்டது. 2023 மார்ச்சில் வந்த ‘10,000 கெக்ஸ்’ஸில் அந்த உயர்த்தல் வெகுவாகக் குறைந்து, அவருடைய சொந்தக் குரல் கேட்கிறது. சில பாடல்களில் ஜோஷ் ஃப்ரீஸ் வாசித்த நிஜ டிரம்ஸ் வேறு. ஒரு பாட்டு அப்பட்டமான ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை)!

பழைய குரலைச் செய்துபார்க்க விரும்புவோர் முதலில் சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோட்யூனில் ரீட்யூன் வேகத்தை 0-இல் வையுங்கள்; திருத்தம் உடனே நடக்கும். பாட்டின் ஸ்கேலைக் கொடுக்காமல் குரோமாட்டிக்கில் (பன்னிரண்டு சுரமும் அனுமதி) விட்டால் பாட்டில் இல்லாத பக்கத்துச் சுரத்துக்கு இழுத்துவிடும். அதன் பிறகே 3, 4 செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றுங்கள். குரலின் தனி நிறத்தைத் தரும் ஃபார்மன்ட்டும் சேர்ந்து ஏறட்டும்; அதைப் பூட்டிவைத்தால் அந்தக் கீச்சுத்தன்மை வராது.

பலர் சொதப்புவது டிஸ்டார்ஷனில்தான். எல்லா ஒலியும் சேரும் மாஸ்டரில் ஒரே கிளிப்பரை (ஒலியலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பாக்கும் கருவி) போட்டால் 808 பேஸ் (டிரம் மெஷினின் ஆழ்ந்த அடி ஒலி) விழும்போதெல்லாம் குரலும் சேர்ந்து நசுங்கும். பேஸைத் தனி பஸ்ஸில் (துணைத் தடத்தில்) கிளிப் செய்யுங்கள், குரலில் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அப்புறம் எவ்வளவு கத்தவிட்டாலும் வார்த்தை புரியும்.