'அல்பினோனியின் அடாஜியோ' அல்பினோனி எழுதியது அல்ல

இரங்கல் வீடியோக்களின் பின்னணியில் ஒலிக்கும் அந்த உருக்கமான வயலின், ஆர்கன் இசையோடு ஒரு குறிப்பும் சுற்றுகிறது: "300 ஆண்டுகளுக்கு முன் வெனிஸில் அல்பினோனி எழுதியது." இது தவறு.

ஜி மைனர் என்ற சுர அமைப்பில் உள்ள அந்த அடாஜியோவை (மெதுவான நடையில் செல்லும் இசை) எழுதியவர் இத்தாலிய இசை ஆய்வாளர் ரெமோ ஜியாசோட்டோ. 1958இல் அச்சில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஜெர்மனியின் டிரெஸ்டன் நூலகத்திலிருந்து கிடைத்த அல்பினோனியின் துண்டு ஒன்றை விரித்து எழுதியதாக அவர் சொன்னார். சரி, அதை அப்படியே நம்பினாலும், அந்தத் துண்டில் இருந்தது அடிநாத (பேஸ்) வரியும் சில மெட்டுத் துணுக்குகளும்தான். நாம் கேட்டு உருகுவது ஜியாசோட்டோவின் கற்பனை.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம், தோமாசோ அல்பினோனி (1671-1751) எழுதிய நல்ல இசை இதன் நிழலில் மறைந்துபோவதுதான். ஜெர்மானிய இசை மேதை ஜே.எஸ். பாக்கே தன் ஃபியூக்குகள் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் இசை வடிவம்) சிலவற்றுக்கு இவருடைய மெட்டுகளை எடுத்துக்கொண்டார். 1722இல் வெளியான ஓபஸ் 9 (ஒன்பதாம் படைப்பு) தொகுப்பில் 12 கான்செர்டோக்கள் (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து இசைப்பவை): வயலினுக்கு நான்கு, ஓபோவுக்கு (நாதஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல் கருவி) நான்கு, இரண்டு ஓபோக்களுக்கு நான்கு. அந்தத் தொகுப்பில் இரண்டாவதான டி மைனர் கான்செர்டோவின் நடுப்பகுதியைக் கேளுங்கள். தந்திகள் மெல்ல அலையடிக்க, அதன்மேல் ஓபோ ஒற்றைச் சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நுழையும். அதுவும் அடாஜியோதான், அது அல்பினோனியே எழுதியது.