கடல் வாங்குதா?

ஐப்பசி, கார்த்திகையில் நாகை மாவட்டத்தில் எங்கள் தலைஞாயிறு பக்கம் மழையைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடவே "கடல் வாங்குதா?" என்றும் கேட்பார்கள். ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்ளே எடுத்துக்கொள்கிறதா என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறி நின்றுவிட்டால் அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் வடியாது. மேலே பெய்த மழையெல்லாம் கடைமடை வயலில் வந்து படுத்துக்கொள்ளும்.

பருவநிலை மாற்றத்துக்குக் கடலோர விவசாயி தன்னைத் தகவமைத்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். சரி, அவன் எப்போது சும்மா இருந்தான்? 2004 சுனாமியில் உப்பேறிய நிலத்தில் மழைநீரைத் தேக்கி வடித்து, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மறுபடி நெல் எடுத்தது இந்த மாவட்டம்தான். உவர் நிலத்துக்குக் குழியடிச்சான் நெல் என்று தாத்தா காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அதில் தெற்கே இரண்டு மா பள்ளம். சித்தப்பா அங்கே சி.ஆர். 1009 சப் 1 போடுகிறார். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் ரகம். ஒரு வருஷம் நடவு முடிந்து நாற்பதாம் நாள் முழுகிப் போனது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பயிர் சேற்றோடு சேறாகப் படிந்து கிடக்கிறது. இலையைத் தொட்டால் கையோடு வருகிறது, அழுகல் வாடை வேறு. சித்தப்பா குனிந்து நாலைந்து குத்தை விரித்து, குருத்தைக் கிள்ளிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது. "பொழைச்சுக்கும்" என்றார். பிழைத்தது.

ஆனால் அது இளம்பயிர். கதிர் வந்த பிறகு தண்ணீர் நின்றால் அந்த ரகமும் கைவிட்டுவிடும். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் பெய்ததே, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அதற்கு எந்த விதை வாங்குவது?

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் நம் பங்கு, கட்டுகிறோம். இழப்பைக் கணக்கிடுவதோ ஊர் முழுக்கச் சில வயல்களில் அறுத்துப் பார்த்து எடுக்கும் சராசரியை வைத்து. மேட்டு வயல்காரர்களுக்கு விளைந்திருந்தால் ஊரே விளைந்த கணக்கு. எங்கள் பள்ளத்து இரண்டு மா அந்தச் சராசரியில் கரைந்துபோகும்.

என்னைக் கேட்டால், விதையைப் பற்றி விவசாயிக்கு வகுப்பு எடுத்தது போதும். வடிகாலைப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் பாசன வாய்க்கால் தூர்வாரக் காட்டும் வேகத்தில் பாதிகூட வடிகாலுக்கு எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால், கடல் வாங்கத் தயாராக இருக்கும் நாளில்கூடத் தண்ணீர் அங்கே போய்ச் சேராது. என் வயல் தண்ணீர் வெளியேறும் வாமடையை நான் வெட்டிவிடலாம், நாலு மைல் வடிகாலை நான் ஒருவனே வெட்ட முடியுமா?

இந்தக் கோடையில் பள்ளத்தில் குட்டை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மிச்சத்தை மேடாக்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார். நல்ல யோசனைதான். சித்தியின் சங்கிலி ஏற்கெனவே உரத்துக்காக அடகில் இருக்கிறது. பொக்லைன் வாடகைக்கு என்ன வழி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.