சமையல்காரராக இருந்து தலைவரானாரா?

ரங்கநாதானந்த சுவாமிகளைப் பற்றி எங்கள் பாலக்காட்டுப் பக்கம் யார் மேடையேறினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "சமையல்காரராக இருந்தவர், ராமகிருஷ்ண மடத்துக்கே தலைவரானார்!" உடனே கைதட்டல். எனக்கோ எரிச்சல்.

விவரத்தில் தப்பு இல்லை. 1908இல் திருச்சூருக்குப் பக்கத்தில் திருக்கூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் சங்கரன் குட்டி. 1926இல் பள்ளிப்படிப்போடு மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆரம்ப வருடங்கள் சமையல், பாத்திரம் துலக்கல், பெருக்கல், துடைத்தல் என்றே போயின. 1998இல் மடத்தின் 13ஆவது தலைவர். சரி, ஆனால் இதை ஏன் ப்ரமோஷன் கதையாக்க வேண்டும்? எந்த வேலையும் பூஜைதான் என்று விவேகானந்தர் வகுத்த வழியில் வந்தவருக்கு அடுப்படி என்ன, மேடை என்ன?

நாம் அப்படிப் பார்ப்பதில்லை, அதுதான் விஷயம். சமையலுக்குப் பேர் வாங்கின ஊர் இது. கோயில் சமாராதனை விருந்தில் உருளி என்கிற பெரிய வெண்கலப் பாத்திரத்தின் முன்னால் நிற்கிற தேகண்டக்காரரை, அதாவது சமையல்காரரைப் பாருங்கள். புகையில் கண் சிவந்திருக்கும். பால் அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருப்பார், சட்டுவத்தைக் கைமாற்றிவிட ஆள் இருக்காது. பாயசத்துக்கு நாம் மூன்றாம் தடவையும் தொன்னையை நீட்டுவோம். பொன்னாடை மட்டும் பேச்சாளருக்கு! சமைத்தவர் கடைசிப் பந்தியில், மிச்சம் இருந்தால், சாப்பிடுவார்.

சுவாமிகளின் பேச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை. மைசூரிலும் பெங்களூரிலும் சிறைக் கைதிகளுக்கு வகுப்பு எடுத்தவர். ஜப்பான் குண்டு விழுந்த காலத்தில் ரங்கூன் ராமகிருஷ்ண மிஷனில் செயலாளர், அங்கேயே நூலகரும் அவர்தான். அப்புறம் கராச்சி, 1948 வரை. டெல்லி, கல்கத்தா, பிறகு ஐதராபாத்தில் 20 வருடம். உலகம் முழுக்கச் சுற்றிப் பேசியிருக்கிறார். கல்லூரி வாசலை மிதிக்காதவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2000இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். தனி ஆளாகத் தனக்குத் தருகிறார்கள் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். காந்தி அமைதிப் பரிசு வந்தபோது இப்படி மறுக்கவில்லை, அது மிஷனுக்கு வந்தது. இதையும் 'தன்னடக்கம்' என்று மேடையில் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. சமையல்கட்டில் பழகினவருக்கு இந்தக் கணக்கு தெரியும். விறகு பிளந்தவர், காய் நறுக்கினவர், எச்சில் இலை எடுத்தவர் என்று பத்துப் பேர் கை பட்ட சாப்பாட்டுக்கு ஒருத்தர் மட்டும் எப்படிப் பேர் வாங்குவது?

டிசம்பரில் அவர் ஜயந்தி வருகிறது. கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். அன்றைக்குச் சமைத்தவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். பரிமாற நான் வருகிறேன், பேச்சாளரையும் கூப்பிடுங்கள். சாம்பார் வாளி கொஞ்சம் கனம், இப்போதே சொல்லிவிடுங்கள்.