சிவப்பு ஒயினும் மிளகுப் பன்னீரும்

போன சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். நங்கநல்லூர் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து, ஆளுக்குக் கொஞ்சம் சிவப்பு ஒயின் ஊற்றிக்கொண்டோம். முதல் மடக்கிலேயே தம்பி முகம் சுளித்தான். "என்னக்கா, பாக்கு மென்ன மாதிரி நாக்கை இழுக்குது. கெட்டுப்போச்சா?" தட்டிலிருந்த மிளகுப் பன்னீரில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு மறுபடி குடிக்கச் சொன்னேன். குடித்தான். "இது வேற பாட்டிலா?" என்றான்.

பாக்கு என்று அவன் சொன்னது ரொம்பச் சரி. சிவப்பு ஒயினில் நாக்கை இழுப்பது துவர்ப்புதான். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வாய் உலர்கிறது. பாக்கிலும் கடுக்காயிலும் வாழைப்பூவிலும் இருப்பது இதே குடும்பத்துச் சரக்கு. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வைத்திருக்கும் நமக்கு இது புதிதா என்ன? இனிப்பான போர்ட் ஒயினில் தொடங்கியவர்கள் இந்தத் துவர்ப்பைக் கண்டு பாட்டிலை ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வாழைப்பூவை அம்மா எப்படிச் சமைப்பார்? நறுக்கி மோரில் போடுவார். அப்புறம் பருப்போடு சேர்த்து உசிலி, இல்லையென்றால் தேங்காய் போட்டுப் பொரியல். மோரில் இருக்கும் பால் புரதம் துவர்ப்பைக் கட்டிப்போடுகிறது, எண்ணெயும் தேங்காயும் மிச்சத்தை மழுக்குகின்றன. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இப்படித்தான். பன்னீர் என்பது அந்தப் பால் புரதமும் கொழுப்பும் கட்டியானதுதானே? ஆலிவ் காய், வெளிநாட்டுச் சீஸ் என்று தேடி அலைய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நம் ஃப்ரிட்ஜிலேயே ஆள் இருக்கிறது.

செய்முறை பத்து நிமிட வேலை. 200 கிராம் பன்னீரைத் துண்டு போட்டு, உப்புப் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, வடித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், பத்து சின்ன வெங்காயம். வதங்கியதும் பன்னீரைப் போட்டு ஓரம் சிவக்க விடுங்கள். மிளகை அப்போதே உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, ஒன்றரை ஸ்பூன், அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். முதலிலேயே போட்டால் காரம் நிற்கும், வாசனை போய்விடும். நமக்கு வேண்டியது வாசனை. உப்பைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள், உப்பும் துவர்ப்பைத் தணிக்கும்.

மிளகு எதற்கு என்றால், அதன் வாசனைக்குக் காரணமான ரோட்டன்டோன் என்ற பொருளே, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2008இல் அடையாளம் கண்டார்கள். குளிரான ஊர்களில் விளைந்த ஷிராஸில் அது அதிகம். வெயிலில் பழுத்த, நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் ஒயினில் குறையத்தான் செய்யும். அந்தக் குறையைத் தட்டில் இருக்கும் மிளகு நிரப்பிவிடுகிறது. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை மூக்கில் ஏறுவதே இல்லையாம். தம்பி மனைவி கிளாஸை எத்தனை முறை முகர்ந்தும் மிளகு தெரியவில்லை என்றாள், தம்பிக்கு உடனே தெரிந்தது.

மிளகும் மதுவும் நம் கரையில் சந்தித்தது இன்று நேற்றல்ல. யவனர் கப்பலில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாட்டே சொல்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945இல் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இதைச் சொன்னதும் தம்பி இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

சிக்கன் 65ஐ மட்டும் தயவுசெய்து பக்கத்தில் வைக்காதீர்கள். சில வருடம் முன்பு நான் வைத்தேன். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் ஏற்றிவிடும், டானின் அதை இன்னும் முரடாக்கும். அன்று நல்ல ஒயினும் வீண், சிக்கனும் வீண். வஞ்சிரம் வறுவலும் வேண்டாம். ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்து வாயில் கவிச்சையைக் கிளப்பும். மீனுக்கு வெள்ளை ஒயின் இருக்கிறது. சமைக்கவே முடியாத நாளில் நல்ல மிளகுச் சேவு போதும்.

என்ன வாங்குவது? டாஸ்மாக் எலைட் கடைகளில் இருப்பு வாரத்துக்கு வாரம் மாறும். லேபிளில் ஷிராஸ் என்று இருக்கும் இந்திய ஒயினைப் பாருங்கள். நாசிக் சூலாவின் ஷிராஸ் கேபர்னே, நந்தி மலைப் பக்கத்து குரோவர், அக்லூஜ் ஃப்ராத்தெல்லி, எது கிடைத்தாலும் சரி. வெளிநாட்டு ஒயினுக்குப் பல வருடமாக 150 சதவீதம் வரை சுங்க வரி இருந்துவந்தது. அந்தப் பாட்டிலுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு ஒயினுக்குப் போகிறது, எவ்வளவு வரிக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல்முறை என்றால் 375 மில்லி அரை பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதில் நான் பிடிவாதக்காரி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. மே மாதச் சென்னையில் இரவு எட்டு மணிக்கும் 30க்கு மேல். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், பழவாசனை காணாமல் போகும். ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்த அரை மணிக்குள் பன்னீர் தயாராகிவிடும்.

மிச்சம் இருந்தால் மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எங்கள் வீட்டில் அன்று ஒயின் மிஞ்சியது, பன்னீர் மிஞ்சவில்லை. ஞாயிறு மதியம் தம்பி கிளம்புவதற்கு முன் இன்னொரு பாக்கெட் வாங்கிவந்து, மிளகை அவனே தட்டினான்.